மட்டக்களப்பின் பருவங்களும் யாத்திரைக் காலமும்

ஆடி மாதத்து அமாவாசை நாளில், மட்டக்களப்பு நகரின் வடகிழக்கே வாவியை அணுகிக் கிடக்கும் அமிர்தகழி என்னும் ஊர் மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றது. பிதிர்க்கடன் ஆற்றுவோரும், நேர்த்தி வைத்தோரும், ஆண்டுதோறும் வந்து பழகியோரும் மாமாங்கேஸ்வரர் ஆலயத்துத் தீர்த்தக் குளத்திலே நீராடுகின்றனர். முந்திய நாட்களிலே கொடியேற்றம் முதலாக நடந்து வந்த திருவிழா அன்று தீர்த்தத்துடன் நிறைவெய்துகின்றது. வானத்திலே முகில் அரிது, மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகின்றது, வீதியெங்கும் புழுதி. குளத்தின் நீர் குறைந்து படிகள் வெளித்தோன்றி நிற்கும் காலமும் அதுவே.

நீராடுதற்குரிய திருநாளை நீர் மிகுந்த மார்கழியிலே வையாது, நீர் குறைந்த ஆடியிலே வைத்தமை ஏன் என்று ஒருவர் வினவலாம். ஆடி அமாவாசை தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதற்கும் உரிய புண்ணிய தினம் என்பது நேரிய விடையே. ஆயினும் அந்நாளைத் தன் பெருவிழாவுக்கு உரியதாக இவ்வூர் ஏற்றுக்கொண்டதிலே, இந்நிலத்தின் காற்றையும் மழையையும் நன்கறிந்தோரின் பட்டறிவும் கலந்துள்ளது. மட்டக்களப்பைக் காண எப்பொழுது வருதல் நன்று என்னும் வினாவுக்கு, வழிகாட்டி நூல்கள் தோன்றுமுன்னரே இப்பகுதியின் விழா நாட்கள் விடை கூறிவிட்டன. அவ்விடையின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் வாவியும்

மட்டக்களப்பு என்னும் பெயர், மட்டமான களப்பு என்னும் பொருளிலே அமைந்தது என்பர். களப்பாவது கடலோரத்து உவர்நீர்ப் பரப்பு. வடக்கே செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வாவி கடற்கரைக்கு இணையாகக் கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டு ஒன்றே எல்லை. இம்மணற்றிட்டிலுள்ள ஊர்கள் ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரையார் தென்னையையும் மீனையும் நம்பி வாழ, படுவான்கரையார் நெல்லையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்தனர். நகரத்தின் நடுவாகிய புளியந்தீவு, பெயருக்கேற்ப, வாவியினுள்ளே அமைந்த தீவாகும்.

அமிர்தகழி என்னும் பெயரும் இந்நில அமைப்பையே சுட்டுகின்றது. கழி என்பது கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்நிலைக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல், நெய்தல் நிலத்துக்குரியது. உவர்க்கழியின் அருகே நன்னீர்த் தீர்த்தம் ஒன்று அமைந்திருத்தலை எண்ணும்பொழுது, அமிர்தம் என்னும் அடைமொழியின் அருமை விளங்கும். இராமபிரான் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்ட தலம் இதுவென்பது ஐதிகம்.

வாவிக்குக் கடலோடு தொடர்பு தரும் வாயில்கள் இரண்டு. ஒன்று நகருக்கு வடக்கே பாலமீன்மட்டிலுள்ள முகத்துவாரம். 1913ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற கலங்கரை விளக்கம் அதனருகே நிற்கின்றது. மற்றையது தெற்கே கோட்டைக்கல்லாற்றுப் பக்கத்தில் உள்ளது. இவ்வாயில்கள் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையாய் இருப்பன அல்ல. மழைக்காலத்திலே உட்புறத்து வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு கடலிற் பாய, வாயில் திறக்கும். கோடை முதிர முதிர உள்ளிருந்து வரும் நீரின் வேகம் தணிய, கடலலை கொணரும் மணல் குவிந்து வாயிலை அடைத்துவிடும். இவ்வாறு திறப்பதும் அடைப்பதுமே மட்டக்களப்பின் ஆண்டை இரு கூறாக்குகின்றன. ஊரின் பயிரும் மீனும் பயணமும் விழாவும் இவ்விரு கூற்றுக்குள்ளே அடங்கும்.

காற்றின் ஆட்சி

இலங்கையின் வானிலை அறிஞர் ஆண்டினை நான்கு பருவங்களாக வகுப்பர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். மார்ச்சும் ஏப்ரலும் முதலாம் இடைப்பருவம். தீவு முழுவதற்கும் பொதுவான இவ்வகுப்பு, மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் நேர் எதிரான பலனைத் தருகின்றது.

தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குக் கரையை அடைகின்றது. நடுவிலுள்ள மலைநாட்டின் மேற்குச் சரிவிலே அது மேலெழுந்து குளிர்ந்து, தான் சுமந்த நீரை மழையாகப் பொழிந்துவிடுகின்றது. மலைமுடியைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றிலே ஈரம் மிகக் குறைவு. இறங்குந்தோறும் காற்று அமுக்கமுற்று வெப்பம் ஏறுதலால், முன்னிருந்த வறட்சி மேலும் பெருகுகின்றது. ஐரோப்பாவிலே அல்ப்ஸ் மலையின் சரிவுகளிலே வீசும் வெங்காற்றுக்கும் காரணம் இதுவே. மட்டக்களப்பு மக்கள் இக்காற்றைக் கச்சான் என்பர். கொழும்பிலே குடை பிடித்துச் செல்வோர் மிகுந்த அதே வாரத்தில், மட்டக்களப்பிலே கச்சான் வீசிப் புல் கருகிக் கிடத்தல் இயல்பு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியின் உண்மையைப் படுவான்கரை வெளிகளிலே கண்கூடாகக் காணலாம். எனினும் கடலோரத்தார்க்கு ஓர் ஆறுதல் உண்டு. பகற்பொழுது ஏறியபின் கடற்காற்று எழுந்து வெம்மையைத் தணிக்கும். மாலையிலே கல்லடிக் கடற்கரை மக்களால் நிறைவதன் காரணம் அதுவே.

ஐப்பசி பிறந்ததும் காற்று மாறுகின்றது. வங்காள விரிகுடாவின் ஈரத்தைக் கொண்டு வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று, எவ்வித மலைத்தடையுமின்றிக் கிழக்குக் கரையை நேரே தாக்குகின்றது. விரிகுடாவிலே தோன்றும் தாழமுக்கங்கள் மழையைப் பன்மடங்காக்கும். மட்டக்களப்பிலே ஓர் ஆண்டிற் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ 1650 மில்லிமீற்றர். அதிலே பத்தில் ஏழு பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களுள்ளே பெய்துவிடுகின்றது. டிசம்பர் மாதத்துச் சராசரி மாத்திரம் 400 மில்லிமீற்றரைக் கடக்கும். யூன் மாதத்துச் சராசரியோ ஏறத்தாழ 25 மில்லிமீற்றரே. ஒரே ஊரில் ஒரு மாதத்து மழை மற்றொரு மாதத்து மழையின் பதினாறு மடங்காக இருத்தலை நோக்குமிடத்து, எக்காலத்திற் செல்வது என்னும் வினா இங்கே வெறும் வசதி பற்றிய வினா அன்று என்பது புலப்படும்.

வெப்பநிலையின் வேறுபாடு அத்துணைப் பெரிதன்று. மார்கழி, தை மாதங்களிற் பகல் வெப்பம் 28 பாகை சதம அளவினை அண்டி நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் 33 பாகைக்கு மேற் செல்லும். ஆகவே மட்டக்களப்பின் பருவத்தை நிர்ணயிப்பது குளிரோ வெயிலோ அன்று, காற்றும் நீருமே என்க.

மாரிக்காலமும் வெள்ளமும்

மாரியிலே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வழியும் நீரும், மேற்கிலிருந்து வரும் ஆறுகளின் நீரும் வாவியை வந்தடைகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருப்பின் நீர் வெளியேற வழியின்றி வயல்களிலும் வீடுகளிலும் ஏறும். அந்நிலையிலே மணற்றிடலை மனிதரே வெட்டித் திறத்தல் நெடுங்கால வழக்கம். இவ்வெட்டுதல் எளிய செயல் அன்று. இளம்பயிர் நீரில் மூழ்கி அழுகுமுன் வெட்டவேண்டும் என்பது உழவர் வேண்டுகோள். காலத்துக்கு முன் வெட்டினால் வாவியின் நீர்மட்டம் சடுதியாக இறங்கி, மீனும் இறாலும் கடலுக்குச் சென்றுவிடும் என்பது மீனவர் கவலை. மாவட்ட நிருவாகம் இரு சாராரையும் கேட்டே நாள் குறிக்க வேண்டியுள்ளது. ஒரே மழை ஒருவர்க்கு ஊதியமும் மற்றொருவர்க்கு இழப்புமாதலை அறிய விரும்புவோர், மாரிக்காலத்து முகத்துவாரத்தைக் காண்டல் வேண்டும்.

மாரியின் கொடுமை வெள்ளத்தோடு நிற்பதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எழுவான்கரையின் தென்னந்தோப்புக்கள் வேரோடு சாய்ந்தன. கூரையிழந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. நட்ட தென்னை பயன்தரப் பல்லாண்டு செல்லுமாதலின், ஓரிரவிற் போனதை மீட்க ஒரு தலைமுறை உழைக்க நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு சனவரியிலே, அறுவடைக்கு அணித்தாக நின்ற நெல்லைப் பெருவெள்ளம் கொண்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்த 'டித்வா' புயல், நாடு முழுவதும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் இப்புயலும் நவம்பர் மாதத்தின் பிற்பகுதிக்கு உரியனவாதல் காண்க. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் விளைந்தது. அது பருவத்தோடு தொடர்புடையதன்று.

இவ்வளவும் கூறியதனால் மாரியை வெறுத்தல் தகாது. பெரும்போக நெல் இம்மழையையே நம்பி வளர்கின்றது. மானாவாரி வயல்களுக்கு இதனையன்றி வேறு நீரில்லை. கிணறுகளின் நீர் இனிமை பெறுவதும் இம்மழையாலே. கோடையிலே வருவோர் பருகும் தண்ணீர் மாரியிலே மண் சேமித்து வைத்த நீராகும்.

கடல் வழி வந்தோர்

கடல் வழியாக மட்டக்களப்பை அடைந்தோரின் வரலாறு பருவத்தின் வலிமைக்கு நல்ல சான்று. ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இத்துறையில் நங்கூரமிட்டது 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே. இங்கிருந்தே அவர் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் புளியந்தீவிலே கட்டிய கோட்டையை, இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டு மே மாதத்திலே. மெதடிஸ்த சபையின் தூதராகிய வில்லியம் ஓல்ற் இந்நகரை வந்தடைந்தது 1814ஆம் ஆண்டு யூலை மாதத்திலே. இந்நிகழ்ச்சிகளின் நோக்கங்கள் வெவ்வேறு. ஆயினும் காலம் ஒன்றே. மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களிலே கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும் என்பதைப் பாய்க்கப்பல் ஓட்டியோர் அறிந்திருந்தனர். வாடைக்காலத்திலே திறந்த இக்கரையை அணுகுதல் அவர்க்கு உயிராபத்தாகும்.

கடலின் இவ்வமைதி இன்றும் மாறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய 'ஹேர்மீஸ்' யப்பானிய விமானங்களாற் குண்டுவீசப்பெற்று மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கிற்று. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கும் அக்கப்பலைக் காண விழையும் தேர்ந்த சுழியோடிகள், கடல் தெளிந்திருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள காலத்தையே நாடுகின்றனர். வடக்கேயுள்ள பாசிக்குடாவின் ஆழமற்ற குடாவிலே சிறுவரும் அச்சமின்றி நீராடத்தக்க காலமும் அதுவே.

வாவியின் இசை

கோடையிலே மாத்திரம் கிட்டும் பேறு ஒன்று மட்டக்களப்புக்கு உண்டு. நிலவு காயும் இரவில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியிலிருந்து துடுப்பை நீரினுள் அமிழ்த்தி அதன் மறுமுனையிற் செவியை வைப்போர்க்கு, நீரினடியிலிருந்து நரம்பிசை போன்றதோர் ஒலி கேட்கும் என்பர். மீன் பாடும் தேன்நாடு என இப்பகுதி புகழப்படுவதன் காரணம் இவ்வொலியே. குடியேற்றச் செயலாளராக விளங்கிய சேர் யேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்தபொழுது, நிலவு எழுந்தபின் தோணியிற் சென்று அதனைக் கேட்டதாகத் தம் நூலிலே பதிந்துள்ளார். ஒலிப்பது மீனன்று, ஊரி என்னும் சிப்பியினமே என மீனவர் கூறியதையும் அவர் குறித்துள்ளார். 1950களிலே புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அருட்டந்தை லாங் அவ்வொலியை நீரடிக் கருவிகொண்டு பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளியான தமது யாழ்நூலிலே இவ்விசையை நீரரமகளிரின் பாடலாகப் போற்றியுள்ளார். கல்லடியிலே அவரது சமாதி அமைந்துள்ளது.

ஒலியெழுப்புவது யாதாயினும், அதனைக் கேட்டற்குரிய நிலைமை ஒன்றே: நீரோட்டம் இருத்தலாகாது, காற்று அடங்கவேண்டும், நீர் கலங்காதிருத்தல் வேண்டும். வாயில் அடைபட்டு வாவி ஏரிபோல் அசையாது கிடக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள இரவுகளிலேயே இம்மூன்றும் கூடும். மாரியில் வருவோர் கேட்பது மழையின் ஓசையும் தவளையின் குரலுமே.

விழா நாட்களின் ஒழுங்கு

இனி, விழாக்களை நோக்குவோம். வைகாசித் திங்களிலே எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் திறக்கப்பெற்றுச் சடங்கு நிகழ்கின்றது. அதன் முடிவாகிய குளிர்த்தியிலே அம்மனின் வெம்மை தணியுமாறு பாடி வேண்டுவர். கச்சான் தொடங்கி, வெப்பமும் அம்மை முதலிய நோயும் அஞ்சப்படும் வேளையிலே, குளிர்ச்சியை வேண்டும் இச்சடங்கு அமைந்திருத்தல் கருதத்தக்கது. ஆடியிலே அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தம். ஆவணியிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துத் தேரோட்டமும், மண்டூர் முருகன் ஆலயத்துத் தீர்த்தமும் தொடர்கின்றன. புரட்டாதியிலே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே தீமிதிப்பு நிகழ்கின்றது. இதனோடு திறந்தவெளித் திருவிழாக்களின் வரிசை முடிவுறும். அடுத்து வருவது ஐப்பசி அடைமழை.

அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின், மழைக்கு அஞ்சாது விடிய விடிய வட்டக்களரியிலே வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஆடுதலும் இவ்வொழுங்கினுள் அடங்கும். கூரையில்லாக் களரிக்கு முகிலில்லா வானமே கூரை. தேர் ஓடுவதற்குக் காய்ந்த வீதியும், அடியார் பாதயாத்திரை செல்லுதற்கு வடிந்த ஆறுகளும், வாவியைத் தோணியிற் கடத்தற்கு அமைந்த நீரும் வேண்டும். இவையாவும் கூடும் காலத்திலேயே முன்னோர் பெருவிழாக்களை வைத்தனர். உழவனுக்கும் அக்காலத்திலேயே ஓய்வும், கையிலே சிறிது பொருளும் உண்டு.

இத்தகைய ஒழுங்கு பிற நாடுகளிலும் உண்டு. யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவைக் காணச் செல்வோர், செரி மரங்கள் பூக்கும் மார்ச்சு இறுதியையும் ஏப்ரல் தொடக்கத்தையும், இலைகள் செந்நிறமுறும் நவம்பரையும் தேர்ந்து கொள்வர். மலைகள் சூழ்ந்த அந்நகரிலே யூலை மாதம் வெக்கையும் புழுக்கமும் மிகுந்தது. ஆயினும் அந்நகரின் தலைசிறந்த விழாவாகிய கியோன் திருவிழா அம்மாதத்திலேயே நிகழ்கின்றது. 869ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் நீங்கவேண்டி எடுத்த விழாவே அதன் தோற்றுவாய். வெயிற்காலத்து நோய்க்கு அஞ்சிய கியோத்தோ மக்களும், வைகாசியிலே குளிர்த்தி பாடிய மட்டக்களப்பு மக்களும் ஒருவரையொருவர் அறியார். எனினும் பருவம் இருவர்க்கும் ஒரே பாடத்தைக் கற்பித்துள்ளது. சுற்றுலாவுக்கு இனிய காலம் ஒன்று. ஊரின் உள்ளத்தை அறிதற்குரிய காலம் மற்றொன்று. கியோத்தோவிலே அவை வெவ்வேறாகப் பிரிந்து நிற்கின்றன. மட்டக்களப்பிலோ அவை பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துள்ளன. இஃது இவ்வூரின் தனிச்சிறப்பு.

மாதந்தோறும் காணத்தக்கன

வருவோர் நலன் கருதி ஆண்டின் ஒழுங்கைச் சுருங்கக் கூறுவாம். மாசியும் பங்குனியும் மழை ஓய்ந்து பசுமை மாறாத மாதங்கள். பெரும்போக நெல் முற்றி அறுவடை நிகழ்வதும், குளங்கள் நிரம்பி நிற்பதும், வடதிசை நாடுகளிலிருந்து வலசை வந்த பறவைகளைக் காணக் கிடைப்பதும் அப்பொழுதே. வெயிலைத் தாங்க இயலாத முதியோர்க்கு இக்காலமே ஏற்றது. சித்திரையிலும் வைகாசியிலும் கடல் அடங்கிவிடும்; சிற்சில மாலைகளில் இடியோடு மழை பெய்தல் கூடும். ஆனி முதல் ஆவணி வரை கச்சானின் காலம். விழாவும் கூத்தும் கடல்நீராட்டும் வாவியின் இசையும் வேண்டுவோர் இக்காலத்தைத் தெரிந்து, நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் உலவுதல் நன்று. பூரணையை அண்டிய நாட்களை வாவிக்கும், அமாவாசையை அண்டிய நாட்களை அமிர்தகழிக்கும் ஒதுக்கலாம். புரட்டாதி இடைநிலைக் காலம். ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை அவசியமின்றிப் பயணம் செய்தல் தகாது. மாகோ, பொலன்னறுவை வழியாகக் கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதையும் நெடுஞ்சாலைகளும் வெள்ளத்தாற் தடைப்படுதல் உண்டு.

ஈண்டு ஒரு குறையைச் சுட்டாது விடல் ஆகாது. இலங்கையிலே டிசம்பர் மாதம் பள்ளி விடுமுறைக் காலமாதலின், தென்மேற்கிலுள்ள குடும்பங்கள் அம்மாதத்திலே கிழக்கை நோக்கிப் புறப்படுதல் உண்டு. தம் ஊரில் வானம் வெளுத்திருத்தலைக் கண்டு, தீவு முழுவதும் அவ்வாறே இருக்கும் என அவர் மயங்குகின்றனர். கடற்குளிப்புக்கென வந்தோர் கொந்தளிக்கும் கடலிலே இறங்குதல் உயிருக்கு ஊறு விளைப்பதாகும். மேற்குக் கரையின் நற்காலம் கிழக்குக் கரையின் மாரி என்னும் எளிய உண்மையை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்து, தம் வீட்டார்க்கும் உணர்த்துதல் வேண்டும்.

பருவம் மாறுமாயின்

முன்னோர் நாட்குறிப்பு என்றும் பிழையாது என்று எண்ணி இருத்தலும் இயலாது. கியோத்தோவிலே செரி மலர்ந்த நாட்களை ஒன்பதாம் நூற்றாண்டு முதலாகக் குறித்து வந்துள்ளனர். 2021ஆம் ஆண்டிலே அம்மலர்ச்சி மார்ச்சு 26ஆம் நாளே உச்சம் அடைந்தது. அதுவரையிருந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளிலே அத்துணை முந்திய நாள் வேறு இருந்ததில்லை. உலகம் வெம்மையுறுகின்றது என்பதற்கு அஃது ஒரு பூ கூறும் சாட்சி. மட்டக்களப்புக்கு அத்தகைய ஏடு இல்லை. ஆனால் அதனை எழுதுதற்குரிய அடையாளங்கள் உள்ளன. முகத்துவாரம் எந்நாளிலே திறந்தது, எந்நாளிலே அடைபட்டது, கச்சான் எந்நாளிலே தொடங்கிற்று, தீர்த்தக் குளத்திலே ஆடி அமாவாசையன்று எத்தனை படிகள் நீர்மேல் நின்றன என்பவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்தல் பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. ஒரு பாடசாலையின் மாணவர் தலைமுறை தலைமுறையாகச் செய்யத்தக்கது. நூறு ஆண்டுகள் கழிந்தபின் அவ்வேடு, உழவனுக்கு விதைக்கும் நாளையும், மீனவனுக்கு வலைவீசும் நாளையும், யாத்திரிகனுக்கு வரும் நாளையும் கூறும்.

மட்டக்களப்பைக் காண விரும்புவோர் கோடையிலே வருக. அமிர்தகழியிலே தீர்த்தமாடி, கொக்கட்டிச்சோலையிலே தேர் கண்டு, கல்லடியிலே நிலவிரவில் வாவியின் இசைக்குச் செவிகொடுத்துச் செல்க. ஆயினும் ஆடியிலே தீர்த்தக் குளத்தின் வெளித்தோன்றிய படிகளிலே இறங்கும்பொழுது, அங்கு எஞ்சி நிற்கும் நீர் கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்த மழை என்பதையும், அம்மழையின் கீழே வெள்ளத்தையும் புயலையும் தாங்கி நின்று இவ்வூரவர் அந்நீரைக் காத்தனர் என்பதையும் நினைத்தல் வேண்டும். விருந்தினர்க்கு உரியது கோடை. அவ்விருந்துக்கு வேண்டிய நெல்லையும் நீரையும் தருவது மாரி.